இலவச ஆன்டிவைரஸை எந்த அளவுக்கு நம்பலாம்?

வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். "இலவசமாகக் கிடைப்பது எதற்கும் உதவாது, காசு கொடுத்து வாங்குங்கள்" என்பார் ஒருவர். "அதெல்லாம் வீண் செலவு, இலவசமே போதும்" என்பார் இன்னொருவர். "வைரஸைப் பரப்பிவிடுவதே இந்தக் கம்பெனிகள்தான்" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவிடுவார். மூவருமே இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் கேள்வி: அந்த மென்பொருளுக்கு வைரஸைப் பிடிக்கத் தெரியுமா? இதைத் திறமை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கேள்வி: நம் கணினிக்குள் இருந்துகொண்டு அது வேறு என்னென்ன செய்கிறது, அதை நடத்தும் நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? இதை நடத்தை என்போம். திறமையில் குறை சொல்ல முடியாத ஒரு மென்பொருள் நடத்தையில் மோசமாக இருக்கலாம். உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு மென்பொருளிலேயே அப்படி நடந்திருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

## ஆன்டிவைரஸ் உள்ளே என்ன செய்கிறது?

வீட்டுக்கு ஒரு காவலாளியை வைக்கிறோம். அவர் வாசலில் நின்றால் மட்டும் போதாது, எல்லா அறைகளிலும் பீரோவிலும் பரணிலும் அவ்வப்போது புகுந்து பார்க்க வேண்டும் என்றால், சாவிக்கொத்தையே அவர் கையில் கொடுத்தாக வேண்டும். ஆன்டிவைரஸ் வேலை செய்வது இப்படித்தான். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும், இயக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் அது முந்திக்கொண்டு பார்த்தாக வேண்டும். அதற்காக அதன் ஒரு பகுதி, விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய் உட்காருகிறது. சாதாரண புரோகிராம்கள் எதற்கும் இந்த இடம் கிடைக்காது. அங்கே இருப்பவருக்குக் கணினியில் மறைவான மூலை என்று எதுவும் கிடையாது.

சரி, உள்ளே உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் மால்வேர். வைரஸ் அதில் ஒரு வகைதான். மால்வேரைப் பிடிக்கும் மிகப் பழைய வழி சிக்னேச்சர், அதாவது ஏற்கெனவே அகப்பட்ட மால்வேரின் அடையாளக் குறி. அந்தக் குறிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்போடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாத புது மால்வேர் இந்த வலையில் சிக்காது.

அதனால் அடுத்த வழி, ஒரு புரோகிராம் என்ன செய்கிறது என்று கவனிப்பது. யாரென்று தெரியாத ஒரு புரோகிராம் திடீரென்று நூற்றுக்கணக்கான படங்களையும் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றி எழுதத் தொடங்கினால், பெயர் தெரியாவிட்டாலும் அதை நிறுத்திவிடலாம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

மூன்றாவது வழி, நிறுவனத்தின் சர்வரைக் கேட்பது. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். சந்தேகப்படும் கோப்பின் ஹாஷை அனுப்பி, "இது கெட்டது என்று தெரியுமா?" என்று சர்வரிடம் கேட்கலாம். அப்போதும் தெளிவு கிடைக்காவிட்டால் கோப்பையே அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். புது மால்வேர் எங்கோ ஒரு கணினியில் அகப்பட்ட சில நிமிடங்களில் மற்ற கணினிகளும் உஷாராவது இந்த ஏற்பாட்டால்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் பார்க்கும், சிலவற்றை வெளியே அனுப்பும். இரண்டும் அதன் வேலைக்குத் தேவையானவை. அது எவற்றை அனுப்புகிறது, அங்கே போன பிறகு அவை என்ன ஆகின்றன என்பதைத்தான் நாம் கேட்டறிய வேண்டும்.

## இலவசம் என்றால் திறமை குறைவா?

பெரும்பாலும் இல்லை. ஒரு நிறுவனம் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் தந்தால், மால்வேரைக் கண்டுபிடிக்கும் இன்ஜின் பொதுவாக இரண்டிலும் ஒன்றுதான். கட்டணப் பதிப்பில் கூடுதலாகக் கிடைப்பவை இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர், குழந்தைகளுக்கான கட்டுப்பாடுகள், தொலைபேசி உதவி போன்றவை. இலவசப் பயனர்களின் கணினிகள் புது மால்வேரைக் கண்டுபிடித்துச் சொல்லும் கண்களாகவும் நிறுவனத்துக்கு உதவுகின்றன. அவர்களுக்கு மட்டமான இன்ஜினைக் கொடுத்தால் இழப்பு நிறுவனத்துக்கும்தான்.

இதைச் சோதித்துச் சொல்லத் தனி ஆய்வகங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனில் எஸ்இ லேப்ஸ் ஆகிய மூன்றும் பரவலாக மேற்கோள் காட்டப்படுபவை. ஏவி-டெஸ்ட் தரும் மொத்த மதிப்பெண் 18. பாதுகாப்புக்கு 6, கணினியின் வேகத்தைக் கெடுக்காமல் இருப்பதற்கு 6, பயன்படுத்தத் தொந்தரவு இல்லாமல் இருப்பதற்கு 6. அந்த மூன்றாவது 6-இல் முக்கியமானது, நல்ல கோப்பைக் கெட்டது என்று சொல்லாமல் இருப்பது. இந்தத் தவறான எச்சரிக்கையைச் சின்னத் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரலில் மெக்கஃபி நிறுவனத்தின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு அவசியமான ஒரு கோப்பையே வைரஸ் என்று முடிவுகட்டியது. கணினிகள் நெட்வொர்க் இணைப்பை இழந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அது கட்டணம் செலுத்திய அலுவலகங்களில் பெரிய அளவில் நடந்த சேதம். காசு கொடுத்ததால் மட்டும் திறமை வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆய்வகங்களின் முடிவுகளைப் படிக்கும்போது ஒரே ஒரு பட்டியலை நம்ப வேண்டாம். 99.5 சதவீதத்துக்கும் 99.8 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். ஓரிரு ஆண்டுகளாகத் தொடர்ந்து மேல்வரிசையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இந்தச் சோதனைகள் திறமையை அளக்கின்றன. உங்கள் தகவல்களை அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதற்கு அந்த 18-இல் மதிப்பெண் கிடையாது.

## அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது?

நூற்றுக்கணக்கான பொறியாளர்களுக்குச் சம்பளம், உலகம் முழுக்க சர்வர்கள், நாளுக்குப் பலமுறை அப்டேட். இதை ஒருவர் இலவசமாகத் தருகிறார் என்றால் செலவை எங்கேயோ ஈடுகட்டுகிறார். அதில் தவறு எதுவும் இல்லை. எந்த வழியில் ஈடுகட்டுகிறார் என்று தெரிந்தால் போதும்.

நேர்மையான வழி, இலவசப் பயனர்களில் ஒரு பகுதியினரைக் கட்டணப் பதிப்புக்கு அழைப்பது. அடிக்கடி பாப்-அப் வந்து எரிச்சலூட்டும், ஆனால் எல்லாம் கண்ணெதிரே நடக்கும். அதிலும் அத்துமீறல் உண்டு. கணினியில் ஒரு பிரச்சினையும் இல்லாதபோது "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்திப் பணம் கேட்பது அந்த வகை. அடுத்த வழி, இன்ஸ்டால் செய்யும்போதே வேறொரு நிறுவனத்தின் பிரவுசரையோ டூல்பாரையோ சேர்த்து இறக்கிவிட்டு அவர்களிடம் காசு வாங்குவது. ஒவ்வொரு திரையிலும் டிக் குறிகளைக் கவனித்து எடுத்துவிட்டால் இதைத் தவிர்த்துவிடலாம்.

மூன்றாவது வழிதான் கண்ணுக்குத் தெரியாதது: தகவல் விற்பனை.

## அவாஸ்ட் விஷயத்தில் நடந்தது

அவாஸ்ட், செக் குடியரசின் பிராக் நகரில் 1988-இல் தொடங்கிய நிறுவனம். இலவச ஆன்டிவைரஸ் என்றாலே நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. 2016-இல் இன்னொரு பிரபலமான இலவச ஆன்டிவைரஸான ஏவிஜியையும் வாங்கியது. அதன் கீழ் ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் இருந்தது. பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஆன்டிவைரஸும், பிரவுசரில் கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும் அதன் எக்ஸ்டென்ஷனும் சேகரித்தன. ஜம்ப்ஷாட் அதை விற்றது. 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசிமேக் என்ற இரண்டு பத்திரிகைகள் சேர்ந்து இதை வெளிக்கொண்டு வந்தன. சில நாட்களிலேயே அவாஸ்ட் ஜம்ப்ஷாட்டை மூடிவிட்டது.

விஷயம் அதோடு முடியவில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஒழுங்குமுறை அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்றும், விளம்பர நோக்கத்துக்காகப் பிரவுசிங் தகவல்களை இனி விற்கக் கூடாது என்றும் அறிவித்தது. அந்தத் தகவல்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டதாக அதன் புகார் சொல்கிறது. மற்றவர்கள் உங்களைப் பின்தொடர்வதைத் தடுப்போம் என்று சொல்லித்தான் அந்த மென்பொருள் மக்களிடம் சேர்க்கப்பட்டது. என் பார்வையில் இந்த விவகாரத்தில் மன்னிக்க முடியாத பகுதி அதுதான்.

"பெயரையும் மின்னஞ்சலையும் நீக்கிவிட்டோம், அதனால் யாரையும் அடையாளம் காண முடியாது" என்பது இது போன்ற நேரங்களில் நிறுவனங்கள் தரும் விளக்கம். இது ஏன் போதாது என்று பாருங்கள். விற்கப்படும் பட்டியலில் ஒரு கணினிக்கு ஒரு நிரந்தர எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எதிரே பார்த்த பக்கங்கள், பார்த்த நேரம் நொடி வரைக்கும் இருக்கின்றன. அந்தப் பட்டியலை ஒரு இணையக் கடை வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட நொடியில் குறிப்பிட்ட பொருளை வாங்கியது யார் என்று அந்தக் கடைக்கு ஏற்கெனவே தெரியும். ஒரே ஒரு முறை இரண்டையும் ஒப்பிட்டால் எண்ணுக்குப் பெயர் கிடைத்துவிடும். அதன் பிறகு அதே எண்ணின் கீழ் இருக்கும் எல்லாம், அதாவது தேடிய நோய், படித்த மதப் பக்கம், விண்ணப்பித்த வேலை என அத்தனையும், அந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சமூக ஊடகத்தில் சொந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் இந்த ஒப்பீடுகூட வேண்டாம். அந்தப் பக்கத்தின் இணைய முகவரியிலேயே பெயர் இருக்கும்.

மோசமான தளங்களைத் தடுக்க வேண்டுமானால் நாம் போகும் முகவரியைச் சரிபார்க்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். சரிபார்க்க வேண்டும்தான். ஆனால் முழு முகவரியையும் அனுப்பாமலேயே அதைச் செய்ய முடியும். கூகுளின் சேஃப் பிரவுசிங் ஏற்பாட்டில் பல ஆண்டுகளாக இருக்கும் முறையில், ஆபத்தான தளங்களின் சுருக்கப் பட்டியல் உங்கள் கணினியிலேயே இருக்கும். முகவரியின் ஹாஷ் அந்தப் பட்டியலோடு ஒத்துப்போனால் மட்டும், ஹாஷின் முதல் சில எழுத்துகளை சர்வருக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளும். அவற்றை மட்டும் வைத்து நீங்கள் எந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன் முழு முகவரியையும் நேரத்தையும் நிரந்தர எண்ணோடு சேர்த்து அனுப்புகிறது என்றால், வேலைக்குத் தேவையானதைவிட அதிகம் எடுக்கிறது என்றே பொருள்.

சுருக்கமாக: சந்தேகமான கோப்பின் ஹாஷும் மாதிரியும் போவது பாதுகாப்பு வேலையின் பகுதி. நீங்கள் போகும் இடமெல்லாம் பட்டியலாகப் போவது வேறு தொழில்.

## காவலாளியிடமே ஓட்டை இருந்தால்?

சாவிக்கொத்து கொடுத்திருப்பதால், ஆன்டிவைரஸில் இருக்கும் ஒரு சின்னப் பிழைகூடப் பெரிய கதவாகிவிடும். 2015 டிசம்பரில், ஏவிஜி தன் பயனர்களின் குரோம் பிரவுசரில் சேர்த்திருந்த வெப் டியூன்அப் என்ற எக்ஸ்டென்ஷனில், பிற தளங்கள் பிரவுசிங் வரலாற்றைப் பார்த்துவிடக்கூடிய ஓட்டை இருப்பதை கூகுளின் ஆய்வாளர் ஒருவர் காட்டினார். சுமார் 90 லட்சம் பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மைக்ரோசாஃப்டும் இதற்கு விலக்கல்ல. 2017 மே மாதத்தில் அதன் ஆன்டிவைரஸ் இன்ஜினில், தந்திரமாக எழுதப்பட்ட ஒரு கோப்பை ஸ்கேன் செய்தாலே தாக்குபவர் கணினியைக் கைப்பற்றக்கூடிய பிழை கண்டுபிடிக்கப்பட்டது. மின்னஞ்சலில் வந்து சேர்ந்தாலே போதும், நீங்கள் திறக்கக்கூட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே திருத்தத்தை அனுப்பியது.

பிழையே இல்லாத மென்பொருள் கிடையாது. அதனால் பிழை வந்ததா என்று கேட்பதைவிட, வந்தபோது எத்தனை வேகமாகச் சரிசெய்தார்கள், வெளிப்படையாகச் சொன்னார்களா என்று கேட்பது பயன் தரும். கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ் கூடாது என்று சொல்வதற்கும் இது ஒரு காரணம். இரண்டு காவலாளிகள் ஒரே கோப்பைப் பிடித்து இழுப்பதால் கணினி திணறும், அதோடு உள்ளே நுழையக்கூடிய வழிகளும் இரண்டாகும்.

அப்டேட் என்ற வசதியும் ஒரு பெரிய அதிகாரம்தான். 2024-இல் அமெரிக்க அரசு தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ரஷ்ய நிறுவனமான கேஸ்பர்ஸ்கியின் மென்பொருளைத் தடைசெய்தது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் இருந்த அதன் வாடிக்கையாளர்கள் பலரின் கணினியில், கேஸ்பர்ஸ்கி போய் அல்ட்ராஏவி என்ற வேறொரு மென்பொருள் அப்டேட் வழியாகத் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. அவர்கள் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை.

## பெயரளவுக்கு மட்டும் ஆன்டிவைரஸ்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு தளத்தைப் பார்க்கும்போது, "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று பக்கமே கத்தினால் அது பொய். ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் வன்தட்டை ஸ்கேன் செய்ய முடியாது. பயமுறுத்திப் பணம் பிடுங்கும் இந்த வகைக்கு ஸ்கேர்வேர் என்று பெயர். பிரவுசரை மூடிவிடுங்கள், அங்கே தரப்படும் எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள், திரையில் தெரியும் எண்ணை அழைக்காதீர்கள்.

## ஏற்கெனவே உள்ளே இருப்பது

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு டிஃபெண்டர் என்ற முழுமையான ஆன்டிவைரஸ் சேர்ந்தே வருகிறது. தொடக்க ஆண்டுகளில் ஆய்வகச் சோதனைகளில் அது பின்வரிசையில்தான் இருந்தது. "டிஃபெண்டர் வேலைக்கு ஆகாது" என்று இன்றும் பலர் சொல்வது அந்தக் காலத்து மதிப்பெண்ணை வைத்துத்தான். இப்போது அது தொடர்ந்து மேல்வரிசையில் வருகிறது. கட்டணப் பதிப்பு வாங்கச் சொல்லி மிரட்டும் பாப்-அப் அதில் வராது, இன்ஸ்டால் செய்யும் வேலையும் இல்லை.

மைக்ரோசாஃப்டும் தகவல் சேகரிக்கிறது, சந்தேகமான கோப்புகளை அதுவும் தன் சர்வருக்கு வாங்கிக்கொள்கிறது. ஆனால் விண்டோஸ் பயன்படுத்துகிறவர் அந்த நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே சாவியைக் கொடுத்துவிட்டார். இன்னொருவருக்கு இன்னொரு சாவி கொடுக்க ஒரு நல்ல காரணம் வேண்டும். சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அந்தக் காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை என்பது என் கருத்து.

## வேறொன்றுதான் வேண்டும் என்றால்

முதலில் அதன் உரிமையாளர் யார் என்று தேடுங்கள். கடையில் பல பெயர்கள் இருந்தாலும் முதலாளி ஒருவராக இருக்கலாம்: நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகிய நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஒன்றின் மேல் நம்பிக்கை போய் இன்னொன்றுக்கு மாறுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு மாறுவது நல்லது.

அப்புறம், தேடலில் வரும் விளம்பர இணைப்பிலிருந்து எடுக்காமல், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இன்ஸ்டால் ஆனதும் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போங்கள். விளம்பரத்துக்கும் பிற நிறுவனங்களுக்கும் தகவல் தரும் அனுமதிகளை அணைத்துவிடுங்கள். அணைக்கவே வழி இல்லாவிட்டால், அந்த மென்பொருளை நீக்குவதற்கு அது ஒன்றே போதுமான காரணம். கூடவே வரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தனியுரிமைக் கொள்கை முழுவதையும் படிக்க நேரம் இல்லாதவர்கள், பிரவுசிங் வரலாறு என்ற சொல் அதில் எங்கெல்லாம் வருகிறது என்று மட்டும் தேடிப் பார்க்கலாம்.

எந்த ஆன்டிவைரஸ் வைத்தாலும் சில வேலைகளை அதன் தலையில் கட்ட முடியாது. போலி வங்கித் தளத்தில் நீங்களே பாஸ்வேர்டைத் தட்டினால், அங்கே பிடிப்பதற்கு மால்வேர் எதுவும் இல்லாமல் போகலாம். 2017 மே மாதத்தில் உலகத்தை உலுக்கிய வான்னாக்ரை ரான்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. அந்த அப்டேட்டைப் போட்டவர்களின் கணினியில் அந்த வழி அடைபட்டிருந்தது. முக்கியமான கோப்புகளுக்கு, கணினியோடு எப்போதும் இணைந்திருக்காத ஒரு தனி வன்தட்டில் நகல் வைத்திருப்பதும் உங்கள் வேலைதான்.

## இப்போது உங்கள் கணினியில் யார் இருக்கிறார்?

புதுக் கணினியோடு சில மாதச் சோதனைப் பதிப்பாக வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகி, அப்டேட் இல்லாமல் சும்மா கிடப்பது பல வீடுகளில் நடக்கிறது. வேறொரு ஆன்டிவைரஸ் பொறுப்பில் இருக்கும்போது டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். காலாவதியான பிறகும் பழையது ஒழுங்காக விலகாமல் கிடந்தால், பாதுகாப்பு யார் பொறுப்பு என்பதே குழப்பமாகிவிடும்.

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். வைரஸ் பாதுகாப்புப் பகுதியில், தற்போது பொறுப்பில் இருக்கும் ஆன்டிவைரஸின் பெயரும் அது அப்டேட் ஆகியிருக்கிறதா என்ற விவரமும் இருக்கும். காலாவதியான பெயர் தெரிந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் என்ற சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத சின்னக் கோப்பு அது. இதைக் கண்டால் எச்சரிக்க வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஐகார் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து அதை டவுன்லோடு செய்து பாருங்கள். இறங்கும்போதோ திறக்கும்போதோ எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால், உடனடிப் பாதுகாப்பு (ரியல்-டைம் புரொடெக்‌ஷன்) அணைந்து கிடக்கிறதா என்று அதே விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் பார்த்து இயக்கிவிடுங்கள்.